குழாய்க்கு வெட்டிய தெரு

ஊருக்கு வந்த இந்தப் பயணம் முழுக்கக் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு வெட்டுப் பள்ளம். குடிநீர் இணைப்புக்காகத் தெருவைக் குறுக்கே வெட்டி, தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, மேடாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "வண்டி ஓடினால் தானா இறங்கிடும்" என்பது மேஸ்திரி கணக்கு. இறங்கத்தான் செய்யும், சமமானதும் நிற்காது. இரண்டு மழைக்குள் பள்ளமாகி, விளிம்பிலுள்ள பழைய தாரும் பெயரத் தொடங்கிவிடும்.

களிமண் கலந்த ஈர மண் எவ்வளவு இடித்தாலும் இறுகாது. நல்ல கிராவலைக்கூட மொத்தமாகக் கொட்டினால் மேல்புறம் மட்டும்தான் கெட்டிப்படும். 15 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் இடித்துக்கொண்டே மேலே வர வேண்டும். வெட்டிய ஓரங்களைச் சதுரமாகச் சீவி, சூடான தார் தடவிய பிறகே தார்க்கலவை. அந்த ஓரப் பூச்சை விட்டுவிட்டால் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே அடிக்குப் போகும்.

இங்கிலாந்திலும் குழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் 1991 சட்டப்படி, சாலையைத் தோண்டிய நிறுவனமே அதைச் சரிசெய்து 2 ஆண்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆழமான பள்ளம் என்றால் 3 ஆண்டு. மூடிய இடத்தில் துளையிட்டு எடுத்து அடுக்குகளின் கனத்தையும் சோதிப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் வெட்டுக் கட்டணத்தை உள்ளாட்சியிடம் கட்டியதோடு தோண்டியவர் வேலை முடிந்தது. தார் போடுவது இன்னொரு ஒப்பந்தக்காரர், இன்னொரு டெண்டர். அதற்குள் மழைக்காலமே வந்துவிடுகிறது!

இங்கிலாந்தில் கவுன்சிலின் (அங்குள்ள உள்ளாட்சியின்) பயம் வேறு. யாராவது தடுக்கி விழுந்து வழக்குப் போட்டால், முறையாகச் சோதித்துவந்தோம் என்று பதிவேட்டைக் காட்டினால்தான் 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு காப்பாற்றும். அதனால் நெரிசலான தெருவுக்கு மாதம் ஒரு முறை, சந்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று அளவுகோலோடு ஆள் வருகிறார். குழியைச் சரிசெய்தாக வேண்டிய ஆழத்துக்குச் சாலையில் பல கவுன்சில்களின் வரம்பு 40 மி.மீ. நடைபாதைக்கு அதில் பாதி.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலர் உத்தரவிட்டது நல்ல காரியம். வாசற்படிக்கு மேல் தெரு ஏறுவது நிற்கும். ஆனால் இறுகாத வெட்டின் மேல் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அதே கோட்டில் மறுபடி அமுங்கும்.

புகார் கொடுப்பவர்கள் பள்ளத்துக்குள் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணும் படத்தில் தெரியட்டும். வெறும் தெருப் பெயர் போதாது. வேறொரு குழியை மூடிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள்.