சாமிக்குத் தனி ரேட் போடாத கடை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் காயலான் கடை. உள்ளே போனால் இடித்த வீடுகளின் நிலை, கதவு, ஊஞ்சல் பலகை, அதையெல்லாம் தாண்டினால் பித்தளை. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் எங்கள் ஹாலில் கண்ணை இழுக்கிற சாமான்களில் பாதி ஏதோ ஒரு பூஜை அறையிலிருந்து வந்தவை, பெரும்பாலும் இந்தக் கடை வழியாக. இங்கே எடைக்கும் வேலைப்பாட்டுக்கும்தான் விலை. அருளுக்குத் தனியாக எதுவும் சேர்ப்பதில்லை.

மற்ற இடங்களில் சேர்க்கிறார்கள். பெங்களூரில் ஒரு ஷோரூமில் தூண்டாமணி விளக்கு ஒன்றை விலை கேட்டேன். "நூறு வருஷம் பூஜையில இருந்தது மேடம், வீட்டுக்குள்ள வந்தாலே வைப்ரேஷன் மாறும்" என்று ஆரம்பித்தார் விற்பனையாளர். ஈரக் கைக்குட்டையால் துடைத்தேன், அந்த நூறு வருஷப் பச்சைக் களிம்பு அப்படியே துணியில் வந்துவிட்டது. நிஜமாகப் புழங்கிய விளக்கில் களிம்பு ஒரே சீராக இருக்காது. கை படுகிற இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், திரி வைக்கும் மூக்கு கருத்திருக்கும், இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாக ஏறியிருக்கும்.

அதே வகை விளக்கு பாயிடம் தூசியோடு தொங்கியது. கிலோ எண்ணூறு என்றார், தராசில் வைத்தார், முடிந்தது. மேலே ஒரு அன்னம், அதன் வயிற்றுக்குள் எண்ணெய். கீழே அகலில் எண்ணெய் குறைந்து அன்னத்தின் துளை வெளியே தெரிந்தால் காற்று உள்ளே நுழையும், எண்ணெய் இறங்கும். மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் தானாக நின்றுவிடும். யாரும் தூண்டிவிட வேண்டாம். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். காற்றழுத்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல சாமான் எங்கள் ஆய்வகத்தில் இல்லை என்பதால் வருஷாவருஷம் இது பஸ்ஸில் ஏறி வகுப்புக்கு வந்துவிடும். செய்தவர் இயற்பியல் படித்திருக்க மாட்டார், ஆனால் துளையை எந்த உயரத்தில் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பக்தி என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் கையின் மேல்தான்.

குத்துவிளக்கு வாங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் பார்த்து வாங்குங்கள். நாச்சியார்கோவில் விளக்கு அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் இருக்கும் பிரபை என்று நான்கு துண்டாகச் செய்து மரை போட்டுச் சேர்ப்பது. பழைய சாமான் குவியலில் இதன் தலையை அதற்கு மாட்டி வைத்திருப்பார்கள். திருகிப் பாருங்கள், ஆடினால் ஜோடி மாறியிருக்கிறது. கேட்டால் பாயே சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார், வியாபாரம்தானே.

வெண்கல மணி ஒன்று எடுத்தேன். தகரமும் செம்பும் சேர்ந்த வெண்கலத்துக்கு உரிய நீண்ட ரீங்காரம் அதில் இருக்கிறது. இப்போது அது எங்கள் கேட்டில் காலிங் பெல். கரண்ட் போனாலும் அடிக்கும். எதிர்வீட்டுக்காரர் மட்டும் இன்னும் அதை அடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

கல் சாமான் கேட்காதீர்கள். எங்கள் பக்கம் வயல்காட்டில் நடுகற்கள் நிறைய உண்டு, பல ஊர்களில் வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் என் கண் முன்னாலேயே தோட்டத்தில் வைக்க ஒரு வீரன் கல் கிடைக்குமா என்று கேட்டார். "கல்லுல கை வைக்கறதில்ல சார். பாக்கணும்னா இங்கயே மியூசியம் இருக்கு, போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார் பாய். கோயில் சிலையும் எடுப்பதில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய சிற்பம் தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊரார் இன்னும் பொங்கல் வைக்கிற கல்லை என் தோட்டத்துக்கு அழகு என்று பெயர்த்து வர எனக்கும் மனம் வராது. வீட்டுக்காரர்களே வேண்டாம் என்று எடைக்குப் போட்டது மட்டும் எனக்குப் போதும்.

வீட்டில் எதிர்ப்பு வரும் என்று நினைத்தது அப்பாவிடமிருந்து. 1953-ல் பெரியார் பிள்ளையார் உடைப்புப் போராட்டம் நடத்தியபோது பள்ளிக்கூடப் பையனாக இருந்தவர், இன்றும் கறுப்புச் சட்டைதான். தேக்குப் பூஜை அலமாரியில் நான் புத்தகம் அடுக்கியிருப்பதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எப்படி வித்தான்?" என்றார். மரக் கணக்கு, கன அடிக்கு இவ்வளவு என்றேன். "அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டார். சமையலுக்கு வரும் அக்காதான் வெள்ளிக்கிழமை அதன் தலையில் ஒரு செம்பருத்தி வைத்துவிட்டுப் போவார். பூ நன்றாகத்தான் இருக்கிறது, நான் எடுப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மரச் சாமானில் சிறு துளையும் அதன் கீழே புதிதாகக் கொட்டிய பொடியும் இருக்கிறதா என்று நீங்களேதான் குனிந்து பார்க்க வேண்டும். இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். கேட்டால்தான் பில் எழுதுவார், கேட்டு வாங்குங்கள். டெலிவரி கிடையாது. நானே பிடித்த குட்டியானையில் வரும்போது அலமாரியின் ஒரு பழைய பூக்கண்ணாடி நொறுங்கியது, அதே டிசைனில் இன்னும் கிடைக்கவில்லை. சாமி படங்கள் பக்கம் போகவே வேண்டாம், ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது, காலையிலேயே போய்விடுங்கள். மேல்கட்டையில் கஜலட்சுமி செதுக்கிய ஒரு நிலை பின்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. யானைத் துதிக்கை ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது. உயரம் ஏழடி, என் வாசல் ஆறே முக்கால். அளவு பொருந்துகிறவர்கள் சீக்கிரம் போனால் கிடைக்கும்.