புல்வெளியில் பாதை எங்கே விழும்? நெட்லோகோ, பிராசசிங், கிராஸ்ஹாப்பர்: ஓர் ஒப்பீடு

கட்டடக்கலை மாணவர்கள் ஏஜென்ட் சிமுலேஷன் பக்கம், அதாவது தத்தம் விதிப்படி நகரும் பல ஏஜென்ட்டுகளைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் முறைப் பக்கம், வரும்போது முதலில் கேட்பது, எந்த மென்பொருளில் தொடங்குவது என்பதைத்தான். பலர் கையில் ஏற்கெனவே ரைனோ என்னும் முப்பரிமாண வரைவு மென்பொருள் இருக்கும், அதனுள் காட்சிவழி நிரல் எழுதும் கிராஸ்ஹாப்பர் இருக்கும். ஒரு செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் பிளக்-இன்) இறக்கி, பறவைக் கூட்டம்போலப் புள்ளிகளை ஓடவிட்டு, அவை விட்டுச்சென்ற தடங்களைக் குழாய்களாக்கிப் படம் எடுத்துவிடுவார்கள். படம் அழகாகவே இருக்கும். அந்தக் கோடு ஏன் அங்கே வளைந்தது என்று கேட்டால் பதில் வராது. விதியை நாமே எழுதவும், எழுதிய விதி என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துத் திருத்தவும் இடம் தரும் கருவிதான் வடிவமைப்புக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த அளவுகோலில்தான் நெட்லோகோ, பிராசசிங், கிராஸ்ஹாப்பர் மூன்றையும் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

ஒப்பிட வேண்டுமானால் மூன்றுக்கும் ஒரே கணக்கைக் கொடுக்க வேண்டும். நான் கொடுப்பது, புல்வெளியில் தானாக விழும் ஒற்றையடிப் பாதை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்தில், நேராகப் போடப்பட்ட நடைபாதைகளுக்கு நடுவே மாணவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்களை டிர்க் ஹெல்பிங்கும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1997இல் நேச்சர் இதழில் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைஞர் ஃபிரை ஓட்டோ அதற்கு முன்பே ஈரக் கம்பளி நூல்களை வைத்து, சுற்றிப்போகும் தூரத்தையும் மொத்தப் பாதை நீளத்தையும் ஒருசேரக் குறைக்கும் வலைகளைத் தேடியிருந்தார்.

விதி மிக எளியது. நடப்பவர் தன் இலக்கை நோக்கிப் போகிறார். கால் பட்ட இடத்தில் புல் தேய்கிறது. தேய்ந்த தரை பக்கத்தில் இருந்தால் அவர் அதை நாடுகிறார். யாரும் மிதிக்காத இடத்தில் புல் மறுபடி வளர்கிறது. தேயும் வேகத்துக்கும் வளரும் வேகத்துக்கும் நடக்கும் இழுபறியில், நேர்க்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளைவிடும் பாதைகளாகின்றன.

யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய நெட்லோகோவில் இந்தக் கணக்கு சொந்த வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்துகொள்கிறது. நகரும் ஏஜென்ட்டுகளை அது ஆமைகள் என்கிறது; பழைய லோகோ நிரல்மொழியிலிருந்து வந்த பெயர். தரை முழுவதும் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனக்கென்று மாறிகள் உண்டு, அதாவது தரையும் ஒரு ஏஜென்ட்தான். புல்லின் உயரத்தைக் கட்டத்திலேயே எழுதிவைக்கலாம். ஆமை தனக்கு முன்னால் எவ்வளவு தூரம், எவ்வளவு கோணம் பார்க்கிறது என்பதற்கு ஒற்றைக் கட்டளை போதும். முழு நிரலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். நிரல் எழுதத் தெரியாத பேராசிரியர்கூட வாசித்து, இந்த வரி தவறு என்று சொல்ல முடியும். வடிவமைப்புக் குழுவில் அதன் மதிப்பு மிகப் பெரியது. ஒற்றையடிப் பாதை மாதிரி ஒன்று அதன் மாதிரி நூலகத்திலேயே இருக்கிறது, திறந்து கலைத்துப் பார்க்கலாம்.

வெளியே தெரியாத ஒரு நன்மையும் உண்டு. ஆமைகளிடம் ஒரு வேலையைச் சொன்னால், நெட்லோகோ ஒவ்வொரு முறையும் வரிசையைக் குலுக்கியே அவற்றை அழைக்கிறது. பிராசசிங்கில் எல்லோரும் எழுதும் சாதாரணச் சுழல் (லூப்), பட்டியலின் முதல் ஏஜென்ட்டையே எப்போதும் முதலில் நகர்த்தும். குறுகிய வாசலில் இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால், பட்டியலில் முன்னால் இருப்பவரே ஒவ்வொரு முறையும் வெல்வார். அந்த ஓரவஞ்சனை விதியில் இல்லை, நிரலில் இருக்கிறது. ஆனால் வரும் வடிவத்தில் கலந்துவிடும். எல்லோரும் ஒரே கணத்தில் முடிவெடுக்க வேண்டுமென்றால் நெட்லோகோவிலும் வேலையை இரண்டாகப் பிரித்து, முதலில் எல்லோரையும் கணக்கிடச் சொல்லி, பிறகு நகரச் சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்காமல் ஏஜென்ட் சிமுலேஷன் பாடம் நடத்தக் கூடாது.

குறைகளும் உண்டு. நெட்லோகோவின் உலகம் இயல்பிலேயே விளிம்புகள் ஒட்டிய உலகம். வலப்பக்கம் வெளியேறுபவர் இடப்பக்கம் நுழைவார். மனைத் திட்டத்துக்கு அதை முதல் வேலையாக நிறுத்திவைக்க வேண்டும். மேடுபள்ளமான நிலம், வளைந்த பரப்பு என்று வந்துவிட்டால் கட்டங்கள் திணறும். முப்பரிமாணப் பதிப்பு இருந்தாலும், அதில் கட்டட வடிவவியல் செய்ய யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிராசசிங்கை எம்ஐடி மீடியா லேபில் கேசி ரியாஸும் பென் ஃபிரையும் 2001இல் தொடங்கினார்கள். அடிப்படையில் ஜாவா என்பதால் சுதந்திரம் அளவற்றது, வேலையும் அப்படியே. புல்தரைக்கான அணியை (எண்களை வரிசையாக வைக்கும் அர்ரே) நாமே கட்ட வேண்டும். அண்டையில் யார் என்று தேடுவதும் நம் பொறுப்பு: ஆயிரம் ஏஜென்ட்டுகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் பார்த்தால் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ 10 லட்சம் சரிபார்ப்புகள், இடத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் தேடினால்தான் தப்பிக்கலாம். சடோரு சுகிஹாராவின் ஐஜியோ நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால் விளைவை ரைனோ கோப்பாகவே சேமிக்கலாம். ஜாவாவில் ஏற்கெனவே கை பழகியவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்கள் விதியைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தை அணிகளோடு மல்லுக்கட்டுவதில் கழிப்பார்கள்.

கிராஸ்ஹாப்பரின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டேவிட் ரட்டன் 2007இல் உருவாக்கிய இந்தச் சூழலில் பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்துத்தான் நிரல் அமைக்கிறோம்; தகவல் இடமிருந்து வலமாக மட்டுமே ஓடும். வெளியீட்டை அதே பெட்டியின் உள்ளீட்டுக்குத் திருப்ப முடியாது. ஏஜென்ட்டுக்கோ நேற்றைய நிலை தெரிந்தால்தான் இன்றைய அடி வைக்க முடியும். ஆகவே டைமரை இணைத்து, நினைவை ஒரு பெட்டிக்குள் ஒளித்துவைத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது. கெலியா, குலேப்ரா போன்ற செருகுநிரல்கள் இதை நமக்காகச் செய்து, விலகுதல், ஒத்துத் திரும்புதல், கூடுதல் என்று கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் வெளியிட்ட விதிகளைத் தயாராக நீட்டுகின்றன. அவை பறவைக் கூட்டத்துக்கான விதிகள். புல்வெளி மாணவருக்குப் பறவையின் விதி எதற்கு?

ஆனாலும் கிராஸ்ஹாப்பரை ஒதுக்கிவிட முடியாது. நிலத்தின் சரிவு, மரத்தின் அடி, கட்டட விளிம்பு எல்லாம் உண்மையான அளவில் அங்கே இருக்கின்றன. சி ஷார்ப் அல்லது பைத்தான் பெட்டிக்குள் சொந்த விதியை எழுதினால் அதன் பலம் முழுதாகத் தெரியும். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் ஐசிடி என்னும் கணினிவழி வடிவமைப்பு ஆய்வகமும் கூட்டாளிகளும் 2014இல் ஷ்வேபிஷ் க்முண்டில் எழுப்பிய காட்சிக்கூடத்தைப் பாருங்கள். ஒன்றுபோல் ஒன்றில்லாத 243 பீச் மர ஒட்டுப்பலகைத் தட்டுகள், கனம் 50 மில்லிமீட்டர். வடிவமைப்பில் ஒவ்வொரு தட்டும் ஓர் ஏஜென்ட். ரோபோ எவ்வளவு பெரிய தட்டை அறுக்கும், எந்தக் கோணத்தில் அறுக்கும் என்பவை ஏஜென்ட்டின் நடத்தைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. செய்ய முடியாத வடிவத்தைக் கடைசியில் திருத்தும் வேலை அங்கே எழவில்லை. அந்த ஆய்வகம் ஏஜென்ட் மாதிரிகளுக்கான தன் ஏபிஎக்ஸ்எம் நிரல் கட்டமைப்பைத் திறந்த மூலமாகவே தந்திருக்கிறது; சி ஷார்ப் தெரிந்தவர்கள் ஆயத்தச் செருகுநிரல்களைத் தாண்டி நேராக அங்கே போகலாம்.

பைத்தான் பிரியர்களுக்கு மேசா என்னும் ஏஜென்ட் சிமுலேஷன் நூலகம் இருக்கிறது. முடிவுகளை ஆராய மிக வசதி, வடிவம் வரைய அப்படியில்லை.

நெட்லோகோவும் பிராசசிங்கும் இலவசம். ரைனோவுக்குக் காசு வேண்டும், 90 நாள் சோதனைக் காலம் தருகிறார்கள்.

தொடங்குபவர் நெட்லோகோவில் விதியை எழுதி, தேயும் வேகத்தை ஸ்லைடரில் நகர்த்திப் பார்த்து, எந்த எல்லையில் வலை அறுந்து வெறும் நேர்க்கோடுகளாகிறது என்று கண்டுபிடிக்கட்டும். பிறகு அதே விதியைக் கிராஸ்ஹாப்பரில் மீண்டும் எழுதி, உண்மையான நிலத்தின் சரிவைச் சேர்க்கட்டும். இடையில் ஒரு வேலையை மட்டும் தவறவிட வேண்டாம். நெட்லோகோவின் பிகேவியர்ஸ்பேஸ் என்னும் வசதி ஒரே அமைப்பை வெவ்வேறு தொடக்க எண்களோடு (தற்செயல் தேர்வுகளை மாற்றும் எண்கள்) நூறு முறை ஓட்டித் தரும். சில ஓட்டங்களில் மட்டும் தலைகாட்டும் பாதைக்குக் கல் பதிக்கச் சொல்லக் கூடாது. ஏறக்குறைய எல்லா ஓட்டங்களிலும் அதே இடத்தில் விழும் பாதையை வரைபடத்தில் அடர்த்தியான கோடாகவும், மற்றவற்றை வெளிறிய கோடுகளாகவும் காட்டினால், எங்கே கல் பதிப்பது, எங்கே இன்னும் ஒரு பருவம் காத்திருப்பது என்று வளாகத்தின் உரிமையாளரே பார்த்து முடிவெடுக்கலாம்.