மாஸ்க்டு ஆதார்: ஒரு வருடம் பயன்படுத்திய அனுபவம்

போன வருடம் திருச்சியில் ஒரு டீக்கடையில் இரண்டு மெதுவடை வாங்கினேன். கிழித்த தாளில் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. பக்கத்தில் பிறந்த தேதி, கீழே 12 எண்களும் ஒன்று விடாமல். யாரோ எங்கோ கொடுத்த ஆதார் ஜெராக்ஸ், பழைய பேப்பரோடு எடைக்குப் போய் வடைக்கு வந்துவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்து, வீட்டுக்கு வந்து எரித்தேன். சிம் கடை, கேஸ் ஏஜென்சி, லாட்ஜ் என்று நான் ஜெராக்ஸ் கொடுத்த இடங்களை அன்று ராத்திரி எண்ணினேன். பதினொன்றுக்கு மேல் நினைவு வரவில்லை.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்து டைரக்டரியில் பெயர், வீட்டு முகவரி, நம்பர் எல்லாம் இருக்கும். அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை. பெயர் விடுபட்டவர்கள்தான் வருவார்கள். இனிஷியல் தப்பாக அச்சாகிவிட்டது என்று ஒரு பெரியவர் கண் கலங்கியே போனார். நாலு பேருக்குத் தெரிவதுதான் அன்றைக்கு மரியாதை. இன்று என் மகள் கொரியர் டப்பாவில் ஒட்டிய முகவரியைச் சுக்குநூறாகக் கிழித்த பிறகுதான் குப்பையில் போடுகிறாள். "எதுக்கும்மா இவ்வளவு பயம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வடைக்குப் பிறகு கேட்பதில்லை.

எண்ணின் பெரும்பகுதியை மறைத்துத் தரும் மாஸ்க்டு ஆதாரை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். ஆதார் ஆணையத்தின் தளத்தில் நம்பர் போட்டு, மொபைலுக்கு வரும் ஓடிபி கொடுத்து உள்ளே போக வேண்டும். டவுன்லோட் செய்யும் இடத்தில் மாஸ்க்டு வேண்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் முழு எண்ணோடுதான் வரும், கவனம். காசு கிடையாது. முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்ட், பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம்.

சரி, வெளியே செல்லுமா? ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் தங்கப் போனபோது கவுண்டரில் இருந்த தம்பி, "முழு நம்பர் வேணும்மா" என்றார். அதில் இருக்கும் க்யூஆர் கோடை ஆதார் ஆப்பில் ஸ்கேன் செய்யச் சொன்னேன். என் பெயரும் போட்டோவும் வந்தன. மேனேஜரைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். "உங்க வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார். எனக்கு 64. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது அவருக்கு 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். தம்பியிடம் அதைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

குறையும் உண்டு. எண்தான் மறைகிறது, முகவரி, பிறந்த தேதி, போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும். அதனால் ஜெராக்ஸின் மேலேயே எதற்காகக் கொடுக்கிறேன் என்பதையும் தேதியையும் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறேன். அப்புறம், ஆதார் எண்ணே தேவைப்படும் இடங்களில் இது உதவாது.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. உரிமம் இல்லாத ஓட்டல்களும் தியேட்டர்களும் நகல் வாங்கி வைக்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த அறிவிப்பு நிலைத்திருந்தால் கவுண்டருக்குக் கவுண்டர் நாம் வாதாட வேண்டியிருக்காது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் எடுத்தால், கிளம்பும் முன் டவுன்லோட் ஃபோல்டரில் இருந்தும் ரீசைக்கிள் பின்னில் இருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். சரியாக வராத பிரிண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் வடைக்குப் போகிறது.