பூவைப் பிடித்துக்கொண்டு விக்கிப்பீடியாவில் சுற்றிய அனுபவம்

பல வருடங்களாக நான் விக்கிப்பீடியாவை அதிகம் பயன்படுத்துவது ஒரே வேலைக்குத்தான். ஒரு பூவில் தொடங்குவேன். அது எந்தச் சாமிக்குப் போகிறது, ஏன் போகிறது, வேறு ஊரில் யாருக்குப் போகிறது என்று இணைப்பு இணைப்பாகப் போய்க்கொண்டே இருப்பேன். தமிழ்ப் பதிப்பு, ஆங்கிலப் பதிப்பு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாடல் வரிகளைச் சரிபார்க்க மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் கூடவே திறந்திருக்கும்.

சென்னையில் இருப்பவர்கள் தொடங்க நல்ல இடம் புன்னை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரம் அது. அம்பாள் மயிலாக வந்து பூசை செய்தது அதனடியில்தான் என்கிறது தலபுராணம். சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் தொடங்குவதே புன்னைச் சோலையில்தான். அங்கிருந்து நற்றிணை 172க்குத் தாவலாம். ஒரு பெண் சிறுவயதில் மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்து மரமாகிறது. உன்னைவிடச் சிறந்தவள், உன் உடன்பிறந்தவள் என்று அதைக் காட்டித் தாய் சொல்லியிருக்கிறாள். அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கிறது. இதுவரை எல்லாம் நம் வீட்டுச் செய்தி. ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் அதே மரம் தஹித்தியில் தமானு. பாலினேசியத் தீவுகளில் மராயே என்னும் வழிபாட்டு வெளிகளில் அதை நட்டு வளர்த்திருக்கிறார்கள். காய் கடலில் மிதந்து போய்க் கரையேறி முளைக்கிற மரம் என்பதால் இரண்டு கரையிலும் அது இருப்பதில் வியப்பில்லை. இரண்டு கரையிலும் அதைச் சாமிக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றியிருக்கிறதே, என்னை மேலே படிக்க வைத்தது அதுதான்.

என்னை அதிக நாள் பிடித்து வைத்த பூ நாகலிங்கம். உள்ளே சிறிய லிங்கம், மேலே படமெடுத்த நாகம். பார்த்தவுடனே சிவன் கோயில்தான் ஞாபகம் வரும். அது தென் அமெரிக்கக் காட்டு மரம். ஓப்லே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1775இல் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தபோது கயானாவைத்தான் பெயரில் வைத்தார். இலங்கையில் பௌத்த விகாரைகளில் இதே மரத்தைப் புத்தர் பிறந்த சால மரமாக வணங்குகிறார்கள். வட இந்தியக் காடுகளில் உள்ள உண்மையான சால மரம் முற்றிலும் வேறு குடும்பம். அப்புறம் அந்த நாகப்படம். பூவில் தேன் கிடையாது. படம் போல வளைந்திருக்கும் பகுதியிலுள்ள மகரந்தம் தேனீக்குத் தீனி, அது விதை உண்டாக்காது. அதை எடுக்கத் தேனீ உள்ளே நுழையும்போது, நடு வளையத்தின் வளமான மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பூ இன்னும் பக்திக்குரியதாகத்தான் ஆனது.

அடுத்தது கிருஷ்ண கமலம். சென்னையில் எத்தனையோ மாடிகளில் படர்ந்திருக்கும் கொடி. சுற்றியுள்ள இழைகள் நூறு கௌரவர், நடுவில் ஐந்து பாண்டவர், அவர்களுக்கு மேலே கிருஷ்ணர் என்று நம் வீடுகளில் சொல்வோம். இதன் குடும்பத்துப் பூக்களை அமெரிக்காவில் கண்ட ஸ்பானியப் பாதிரியார்கள் இழைகளில் இயேசுவின் முள்முடியைக் கண்டார்கள். ஐந்து மகரந்தப் பைகள் ஐந்து காயங்கள், மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள், பற்றுக்கம்பிகள் சாட்டைகள். பத்து இதழ்கள் பத்துச் சீடர்கள். யூதாசையும் பேதுருவையும் விட்டுவிட்டார்கள். ஜப்பானில் அதே பூவைக் கடிகாரமாகப் பார்க்கிறார்கள். கொடி இங்கே வந்ததே ஐரோப்பியர் கடல்வழி திறந்த பிறகுதான் என்பதால், நம் மகாபாரதக் கதையும் அதற்குப் பிறகு யாரோ பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். பழசு இல்லை என்பதால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை. புதிதாக வந்த ஒரு கொடியையும் தன் கதைக்குள் சேர்த்துக்கொண்ட மனசு அது.

சரி, குறைகள். தமிழ்ப் பதிப்பில் சங்க இலக்கியப் பூக்களுக்கு நல்ல கட்டுரைகள் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் சொல்லும் 99 பூக்களில் பலவற்றைத் தனித்தனியாகப் படத்தோடு பார்க்கலாம். ஆனால் எந்தப் பழம்பெயர் இன்றைய எந்தச் செடி என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. சில பக்கங்கள் ஒரே விடைதான் இருப்பதுபோல எழுதியிருக்கின்றன. வழிபாடு பற்றிய பத்திகள் இன்னும் பலவீனம். தாழம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவனுக்கு ஆகாது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுவார்கள். உத்தரகோசமங்கையில் சிவனுக்கே சாத்துகிறார்கள் என்பதை வேறு இடத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த மாதிரி விஷயத்துக்கு மாட வீதியில் பூக்கட்டும் அம்மாவிடமோ கோயில் குருக்களிடமோ கேட்பது மேல். எந்தக் கிழமைக்கு எது போகும் என்பதை அவர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் அறிவியல் பெயரைப் பிடியுங்கள், அடுத்து தாயகத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு புராணத்துக்குப் போங்கள். 'சான்று தேவை' என்ற குறிப்பு கண்ணில் பட்டால் அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். கைப்பேசிச் செயலியில் கட்டுரைகளைப் பட்டியலாகச் சேமித்து இணையம் இல்லாமலும் படிக்கலாம். மின்சார ரயிலில் போகும்போது எனக்கு மிகவும் உதவுவது அதுதான்.

இப்போது என் பட்டியலில் இருப்பது பெருமாள் அரளி. இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். லாவோஸ் நாட்டுக்குத் தேசியப் பூ, இலங்கையில் புத்தருக்குப் படைக்கும் பூ, இந்தோனேசியாவில் இடுகாட்டு மரம். இதற்கு அடுத்து செண்டுமல்லி. நம் ஆயுத பூசை மாலைக்கும், நவம்பரில் மெக்சிகோவில் இறந்தவர்களை வரவேற்க வைக்கும் பூவுக்கும் செடி ஒன்றே.