ராமேஸ்வரம் தீவில் தூண்டில்காரருக்குத் தங்குமிடம்: நகர விடுதியா, மீனவர் வீட்டு அறையா?

தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அறை வாடகையைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தூண்டில் நரம்பு சுற்றும் ரீலை எங்கே, எந்தத் தண்ணீரில் கழுவப் போகிறீர்கள்? வாடகையில் 300, 400 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, ஊர் திரும்பியதும் 6,000 ரூபாய் ரீலை உப்பு பூத்துப்போய்ச் சுற்றாமல் பார்க்கிறவர்கள் நிறைய பேர். நகரத்து விடுதிகளை விட்டு பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீனவர் வீடுகளில் அறை எடுக்கத் தொடங்கியதற்கு எனக்கு இதுதான் காரணம். ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கரையில் நின்று வீசுகிறவருக்கான கணக்கு இது. படகேறிப் போகிறவரின் செலவும் சிக்கலும் வேறு.

செலவே இல்லாத வழி கூடாரம் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கைக்கு இத்தனை அருகில் உள்ள கரையில் அது நடக்காத காரியம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ரோந்து இரவெல்லாம் உண்டு. மணலில் விளக்கோடு உட்கார்ந்திருப்பவரை எழுப்பி யார், எவர், எதற்கு வந்தீர்கள் என்று விசாரிப்பது அவர்கள் வேலை. தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு யாரையும் இருக்க விடமாட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. நினைத்தபடி அங்கே கால் வைக்க முடியாது. கூடாரத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காரில் உறங்குவதும் ஜனவரி, பிப்ரவரிக்கு வேண்டுமானால் சரிப்படும். மற்ற மாதங்களில் புழுக்கம் தூங்க விடாது.

மடங்களும் சத்திரங்களும் நகரத்தில் நிறைய இருக்கின்றன, வாடகையும் குறைவு. ஆனால் அவை யாத்திரிகர்களுக்காகக் கட்டப்பட்டவை. அங்கே ஐஸ் பெட்டியில் பாறை மீனோடு போய் நிற்பது முறையல்ல. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மிஞ்சுவது இரண்டு. விடுதி, வீடு.

விடுதிக்குச் சாதகமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் கதவைத் திறந்துவிட ஆள் இருக்காது என்ற புகார் மற்ற ஊர்களுக்குப் பொருந்தும், ராமேஸ்வரத்துக்குப் பொருந்தாது. ராமநாதசுவாமி கோயிலில் காலை 5 மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்குக் கூட்டம் கிளம்பும் ஊர் இது. 4 மணிக்கே வரவேற்பறையில் விளக்கு எரியும், தெருவில் காபி கிடைக்கும். தனிக் குளியலறை, ரசீது, பூட்டு, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். வெறும் தூக்கத்துக்கு என்றால் விடுதியை மிஞ்ச எதுவும் இல்லை.

சங்கடம் அமாவாசையில் தொடங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீரோட்டம் வலுக்கும். தூண்டில்காரர்கள் நாள் குறிப்பதும் அதைப் பார்த்துத்தான். அதே நாளில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய ஊர் ஊராக மக்கள் இங்கே வந்து குவிகிறார்கள். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் சாதாரண நாளில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற அறைக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். நமக்குத்தான் நல்ல நீரோட்டமும் மலிவு வாடகையும் ஒரே நாளில் அமைவதில்லை. பாம்பன், தங்கச்சிமடம் வீட்டு அறைகளின் வாடகைக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

இனி தண்ணீர். அலை தெறிக்கும் இடத்தில் நின்று நான்கு மணி நேரம் வீசினால் ரீலின் உருளை, கைப்பிடி இணைப்பு, கம்பின் வளையங்கள், நரம்பு எல்லாவற்றிலும் உப்பு ஏறிவிடும். அன்றிரவே நல்ல தண்ணீரில் அதைக் கழுவ வேண்டும். மறுநாள் என்று விட்டால் உப்பு இறுகி, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தீவில் பல விடுதிகளின் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று உவர்நீர். குளித்தால் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் ரீலைக் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசுவதற்குச் சமம். குடிக்க வைத்திருக்கும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினால், இரண்டு பேரின் சாமான்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயில் நல்ல தண்ணீர் வரும் விடுதிகளும் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். முன்பணம் கொடுக்கும் முன் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கழுவும் இடமும் சிக்கல்தான். விடுதிக் குளியலறையில் 10 அடிக் கம்பை இரண்டாகப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் 5 அடி. சுவரில் இடிக்காமல் கழுவ முடியாது. மீனை அங்கே அறுத்தால் செதில் சாக்கடையை அடைக்கும், வாடை மெத்தைவரை போகும். மறுநாள் காலை அறையைக் காலி செய்யச் சொன்னால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மீனவர் வீட்டில் தண்ணீர் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையில் விடுதியைவிடக் குறைவு. ஆனால் அங்கே தண்ணீர் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும். புழங்குவதற்குத் தொட்டியில் உப்புத் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் குடத்தில் நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காது. அறை பேசும்போதே, "அக்கா, சாமான் கழுவ ராத்திரிக்கு ஒரு குடம் நல்ல தண்ணி வேணும், அதுக்குத் தனியாகக் காசு தருகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் குடத்துக்குக் காசு கொடுக்காமல் இருப்பது அநியாயம். வண்டித் தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் வீடுகள் அங்கே உண்டு. ஒரு குடம் இருந்தால் இரண்டு கம்பு, இரண்டு ரீல் தாராளமாகக் கழுவலாம். ரீலின் பிடியை, அதாவது நரம்பு வெளியே ஓடுவதைத் தடுக்கும் டிராக் திருகை, முழுக்க இறுக்கிவிட்டு, மெல்ல ஊற்றித் துடைக்க வேண்டும். இறுக்காவிட்டால் அதன் உள்தட்டுகளுக்குள் தண்ணீர் இறங்கும். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பையும் உள்ளே தள்ளிவிடும். காய்ந்த பிறகு பிடியைத் தளர்த்தி வைக்கலாம். இதையெல்லாம் செய்ய அந்த வீட்டில் ஒரு முற்றம் இருக்கிறது, கம்பைச் சாய்த்து வைக்க ஒரு தென்னை இருக்கிறது, மீன் அறுக்கவென்றே ஒரு கல் இருக்கிறது. மீன் வாடைக்கு முகம் சுளிக்க அங்கே யாரும் இல்லை.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விலகல். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே ஒரு கிணறு இருக்கிறது, அதில் ஊறுவது நல்ல தண்ணீர். ராமர் வில்லை ஊன்றியதால் பிறந்தது என்பது ஐதிகம். போய்ப் பாருங்கள், ஆனால் அங்கே ரீலைக் கழுவ உட்கார்ந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு, இடம். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். மீனவர்களே பருவத்துக்கு ஏற்பக் கரை மாறித் தொழில் செய்கிறார்கள். பாம்பனில் தங்கினால் இரண்டு கடலும் பைக்கில் சில நிமிட தூரம். வடகரையில் வீச முடியாவிட்டால் தெற்குவாடிப் பக்கமோ குந்துகால் பக்கமோ போகலாம். ராமேஸ்வரம் நகரத்தில் தங்குகிறவர், தனுஷ்கோடிச் சாலை அருகில் இருக்கிறது என்று சமாதானம் சொல்வார். அங்கே பொழுது விடிந்த பிறகுதான் உள்ளே போகலாம், சாயங்காலமே வெளியேற்றிவிடுவார்கள். பாறை மீனும் ஊளி மீனும் கரையை ஒட்டி வேட்டையாட வரும் விடியலும் அந்தியும் கையை விட்டுப் போகும். மீதி நேரம் சுற்றுலா வேன்களுக்கு நடுவே ஈயக்குண்டை வீச எனக்குத் துணிச்சல் இல்லை. காற்று நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வீட்டுக்காரரிடம் இரவுச் சாப்பாட்டின்போதே கேட்டுக்கொள்ளலாம். கைபேசிச் செயலியையும் பார்க்கிறேன். இரண்டும் முரண்பட்டால் வீட்டுக்காரர் சொல்வதைத்தான் கேட்கிறேன்.

வீட்டின் குறைகளை மறைக்கப் போவதில்லை. கழிப்பறை பொதுவாக வெளியே இருக்கும், எல்லோருக்கும் ஒன்றுதான். கடலுக்குப் போகும் நாளில் இரவு 2 மணிக்கே வீடு எழுந்துவிடும், நீங்களும் எழுந்துவிடுவீர்கள். ரசீது கிடையாது. அலுவலகத்தில் கணக்குக் காட்ட வேண்டியவர் விடுதிக்கே போக வேண்டியதுதான். ஆதார் நகலைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். புதிய முகம் யார் என்று போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அப்போது போவதானால் ஐஸுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. வாடை மழை கொட்டும் நவம்பரில் நான் வீட்டு அறையில் தங்கியதில்லை. அஸ்பெஸ்டாஸ் கூரை எப்படித் தாங்கும் என்பதற்கு என் அனுபவம் உதவாது. பெண்களோ குழந்தைகளோ உடன் வந்ததும் இல்லை. அந்த வசதி பற்றியும் நான் உத்தரவாதம் தரமுடியாது.

இப்படிப்பட்ட அறை எந்தச் செயலியிலும் வராது. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மீன் இறங்கும் இடத்துக்கு அருகே உள்ள டீக்கடையில் கேட்பதுதான் வழி. அக்காமடம் பக்கமும் விசாரிக்கலாம். காலையில் ஏலம் முடிந்து ஆட்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். ஏல நேரத்தில் அறை கேட்டால் யாரும் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்கள். வாடகை, சாப்பாடு, தண்ணீர் மூன்றையும் தனித்தனியாகப் பேசி முடிப்பது இரு பக்கமும் மனக்கசப்பு வராமல் காக்கும். பிடித்த மீனைக் கொடுத்து வாடகையில் கழிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மீனவர் வீட்டில் மீனுக்கா பஞ்சம்? கடலட்டை, கடற்குதிரை போன்றவை தூண்டிலிலோ காலிலோ சிக்கினால் உடனே கடலில் விட்டுவிடுங்கள். அவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. வழக்கு வந்தால் அறை கொடுத்தவரும் அலைய வேண்டியிருக்கும்.

தீவை விட்டுத் தள்ளி, ஏர்வாடி பக்கம் போகிறவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. தர்காவுக்கு வருகிறவர்களுக்காக அங்கே எளிய விடுதிகள் இருக்கின்றன, மீன் கொண்டுபோனால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. சந்தனக்கூடு விழாவின்போது மட்டும் இடம் கிடைக்காது. நான் அங்கே தங்கியது கொஞ்சம்தான். அங்கே குழாய்த் தண்ணீர் உவர்ப்பாகத்தான் இருந்தது, ஆனால் தெருவில் நல்ல தண்ணீர்க் குடம் விலைக்குக் கிடைத்தது. கடல் தெற்குப் பக்கம் மட்டும் என்பதால் கச்சான் மாதங்களில் போவதில் பயனில்லை.

குடும்பத்தோடு வந்து, கோயிலையும் பார்த்துவிட்டு, ஒரு காலை மட்டும் தூண்டில் போட நினைக்கிறவர் நகர விடுதியில் தங்கட்டும். ஐந்து லிட்டர் கேன் நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், கடற்கரையிலேயே ரீலைக் கழுவித் துடைத்துவிட்டு அறைக்குத் திரும்பினால் போதும். இரண்டு மூன்று நாள் தூண்டிலுக்காகவே வருகிறவர் பாம்பனில் இறங்கிவிடலாம், ராமேஸ்வரம்வரை டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.