காரைக்குடியில் சைக்கிள் ஷாக் ஃபோர்க் பார்க்கும் ஒரு லேத் பட்டறை

காரைக்குடியில் கியர் சைக்கிள் விற்கிற கடைகளில் போய், "முன் ஃபோர்க் இறுகிப்போச்சு, கழற்றிப் பார்த்துத் தருவீங்களா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "புதுசு மாத்திருங்க சார்." (ஃபோர்க் என்றால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால். என்னுடையது மேடுபள்ளத்தில் அமுங்கி எழும் ஷாக் வகை.) மாற்றலாம்தான். ஆனால் என் சைக்கிள் 26 இஞ்ச் சக்கரம், வி-பிரேக் (சக்கர விளிம்பைக் கவ்வுவது). இப்போது வருவது பெரும்பாலும் 27.5, 29, டிஸ்க் பிரேக். பழையதற்குப் பொருந்துகிற ஃபோர்க்கைத் தேடி அலைவதைவிட இருப்பதைச் சரிசெய்வதே மேல் என்று, கழனிவாசல் போகிற வழியில் போர்டுகூட இல்லாத ஒரு பட்டறைக்குப் போனேன். மோட்டார் பைக் ஃபோர்க் பெண்டு எடுப்பதுதான் அங்கே பிழைப்பு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதும் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

என்னுடையது சன்டூர் எக்ஸ்சிடி ஃபோர்க். ஒரு காலுக்குள் சுருள் ஸ்பிரிங், அதன் நடுவே எலாஸ்டோமர் (ரப்பர் போன்றது) தண்டு, மேலிருந்து வரும் ராடு கீழ்க்காலுக்குள் ஏறி இறங்க பிளாஸ்டிக் புஷ் (உள்வளையம்), கொஞ்சம் கிரீஸ். மலிவான ஃபோர்க்தான், ஆனால் சாகாது. குன்றக்குடி தாண்டி தைலமரக் காட்டுச் சரளையிலும் கண்மாய்க்கரையிலும் வருஷக்கணக்கில் ஓட்டியதில் ராடு இரண்டிலும் துரு புள்ளி புள்ளியாக வந்திருந்தது. செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) முலாம் பூசும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராட்டின் மேல் பூசிய குரோம் துருப்பிடிக்காது, அந்தப் பூச்சில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியாக ஈரம் இறங்கி, அடியில் இருக்கும் இரும்புதான் துருப்பிடிக்கும். ஆகவே முதலில் கேட்டதே, "ஹார்டு குரோம் போட்டுத் தேய்த்துத் தர முடியுமா தம்பி?" என்றுதான்.

பட்டறைக்காரர் சம்மதிக்கவில்லை. "பைக்குக்குன்னா மதுரைக்கு அனுப்பிப் போட்டுத் தருவேண்ணே. இதுல ராடு ரெண்டும் மேல் கிரவுன்ல, அதான் ரெண்டையும் சேர்க்கிற துண்டுல, பிரஸ் பண்ணியிருக்கான். கழட்டி மாட்டுனா நேர் போயிரும். அதோட இது ஆயில் நிக்கிற ஃபோர்க்கே இல்லையே" என்றார். மிகச் சரி. பைக் ராட்டில் ஒரு துருக்குழி இருந்தால் ஆயில் சீல் கிழிந்து ஒழுகும். இதில் இருப்பது தூசியைத் தடுக்கிற சீல் மட்டும். ராட்டில் ஒரு நூலைக் கட்டி, என்னை ஏறி அமுக்கச் சொல்லி, சீல் எதுவரை போகிறதென்று பார்த்தார். துருவில் பெரும்பகுதி அதற்கு மேலேயே நின்றது. கீழே இருந்த சிலவற்றை மட்டும் 2000 நம்பர் எமரித் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, குழியில் எபாக்ஸி வைத்து மட்டம் செய்தார். ஆயிரக்கணக்கில் பில் போட்டிருக்கலாம், போடவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தக் கடையைச் சொல்வேன்.

அடிபோல்ட்டைக் கழற்றிக் கீழ்க்காலை உருவியபோது வந்ததைப் பார்க்க வேண்டும். கிரீஸும் செம்மண் தூசியும் கலந்து, அம்மியில் அரைத்த மிளகாய் விழுது மாதிரி. புஷ்ஷைத் தின்றது அதுதான். பழைய புஷ்ஷை அளந்து டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் கடைந்து போட்டார். நைலான் போடவா என்று பையன் கேட்டதற்கு, தண்ணி குடிச்சா ஊதிப் பிடிச்சுக்கும் என்று மறுத்துவிட்டார். முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால், சீல் பக்கம் விரலுக்குத் தட்டுப்பட்ட ஆட்டம் இப்போது இல்லை. (மேலே ஹேண்டில் திரும்புகிற கோன்செட்டில் ஆடினால் அது வேறு வியாதி.)

குறை இல்லாமல் இல்லை. பொடிந்துபோன எலாஸ்டோமருக்குப் பதில், பிரஸ் டூலுக்கு வைக்கிற பாலியூரித்தேன் தண்டை வெட்டிப் போட்டிருந்தார். அது சைக்கிளுக்கு ரொம்பக் கெட்டி. பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவதற்குள் மணிக்கட்டு வலி. திரும்பக் கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல் பாதியாக வெட்டி, மற்றதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார், இப்போது சரி. காலதாமதமும் உண்டு. முத்துமாரியம்மன் திருவிழா நேரத்தில் கொடுத்துத் தொலைத்தேன். பால்குடம் முடிகிறவரை பட்டறை திறக்கவே இல்லை. போன் செய்தால் எடுக்கவும் மாட்டார்.

மொத்தம் 1,150 ரூபாய். டெல்ரின், சீல், கூலி எல்லாம் சேர்த்து. கிரீஸ் நான் வாங்கிக் கொடுத்தது. ஃபோர்க் லாவகமாக இறங்கி ஏறுகிறது, 'கிறீச்' சத்தம் போய்விட்டது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்கச் சொல்லியிருக்கிறார். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சத்தம் வருகிறதென்று டபிள்யூடி-40 ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும்.

போகிறவர்கள் காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் பைக் கூட்டம். காற்று ஸ்பிரிங், ஆயில் கார்ட்ரிட்ஜ் உள்ள விலையுயர்ந்த ஃபோர்க் என்றால் அங்கே வேண்டாம். அதற்குக் காற்றேற்றும் பம்ப்கூட அவரிடம் இல்லை. இல்லையென்று அவரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.