கேட்டலினா சிரிப்பை எதைக் கொண்டு அடைப்பது?

கேட்டலினா 30 பாய்ப்படகைக் கரையேற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு பழக்கமானதுதான். ஃபைபர் உடலும், படகு கவிழாமலிருக்க அதன் அடியில் துடுப்புபோலத் தொங்கும் ஈயக் கீலும் (keel) சேரும் இடத்தில், முன்பக்கமாக, உதடு பிரிந்தாற்போல ஒரு விரிசல். அமெரிக்கப் படகுத்துறைகளில் அதற்குப் பெயரே ‘கேட்டலினா ஸ்மைல்’. 1970-களின் நடுவில் தொடங்கி 2008 வரை 6,000-க்கும் மேல் கட்டப்பட்ட படகு இது. பழையவற்றில் கீல் வந்து பொருந்தும் பகுதிக்குள் பிளைவுட் வைத்திருந்தார்கள். அது ஊறி நசுங்கினால் போல்ட்டின் பிடி தளரும், சிரிப்பு அகலும்.

சுமார் 1,900 கிலோ ஈயம் சில போல்ட்டுகளில் தொங்குகிறது. படகு சாயும்போதெல்லாம் மூட்டு ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விரியப் பார்க்கும். போதாததற்கு, ஈயம் வெப்பத்தில் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும் உலோகம். அசைகிற இடத்தில் எதைப் பூசுகிறோம் என்பதுதான் இங்கே கேள்வி.

மலிவான வழி, கார் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்க்கிற அதே பாலியஸ்டர் பட்டி. அரை மணிக்குள் இறுகும், உப்புத்தாளுக்கு வெண்ணெய்போல இழையும். அன்றைக்கே பெயின்ட் அடித்துவிடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். ஆனால் அதில் நிரப்பியாக இருப்பது பெரும்பாலும் டால்க் தூள். நீருக்கடியில் கிடந்தால் ஈரத்தை இழுக்கும், உப்பும், பிடி விடும். ஏற்கெனவே எபாக்ஸிப் பிசின் பூசிய பரப்பின்மேல் போட்டால் ஒட்டும் என்று நம்பவும் முடியாது. நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இதற்கு இடமில்லை என்பேன்.

எபாக்ஸியில் நுண்குமிழித் தூள், அதாவது உள்ளே வெற்றான நுண்மணிகள், கலப்பது அடுத்த படி. வெஸ்ட் சிஸ்டம் என்ற எபாக்ஸி பிராண்டில் 407 என்ற செம்பழுப்புத் தூள், அல்லது இன்னும் லேசான 410. வடை மாவுப் பதத்துக்கு வரும்வரை சேர்த்தால் செங்குத்துப் பரப்பிலும் வழியாது. கலவைக் கணக்கு பயமாக இருந்தால் டோட்டல்ஃபேர் மாதிரி ஆயத்தப் பட்டி உண்டு: மஞ்சளும் நீலமும் சரிபாதி, ஒரே பச்சையாக ஆனால் கலந்துவிட்டது என்று பொருள். கீலின் பக்கவாட்டைச் சமன்படுத்த இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. மூட்டுக் கோட்டில் மட்டும் இவை தோற்கும். எடை குறைய, தேய்க்க எளிதாக இருக்க, வலிமையை விட்டுக்கொடுத்த பொருள் அது. வளையத் தெரியாது, உடையும். சிலர் குமிழிக்குப் பதில் 406 சிலிக்காவைக் கலந்து கெட்டியாக்குகிறார்கள். வலிமை கூடும், உண்மை. ஆனால் இறுகியபின் தேய்ப்பது அம்மியைத் தேய்க்கிற வேலை, மூட்டு அசைந்தால் அதுவும் ஓரத்தில் பிளக்கும்.

எதிர்முனையில் 3எம் 5200 போன்ற பாலியூரிதேன் பசை. ரப்பர்போல நீளும், மூட்டோடு சேர்ந்து அசையும். கீலைக் கழற்றி மறுபடி உட்கார்த்தும்போது இரண்டு முகங்களுக்கும் நடுவே பூச இதுவே சரி. வெளிக்கோட்டை மட்டும் அடைக்க எடுத்தால் தொல்லை: முழுதாக இறுகச் சுமார் ஒரு வாரம், இறுகியபின் தேய்த்தால் இழையாது, பிசிறாகச் சுருளும். பிறகு ஒருநாள் கீலைப் பிரிக்க வேண்டி வந்தால் 5200 வைத்தவரைத் திட்டாதவர் இல்லை.

நான் சாய்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஜி/ஃப்ளெக்ஸ் பக்கம். எபாக்ஸிதான், ஆனால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். பிசினும் இறுக்கியும் கலக்கும் அளவும் ஒன்றுக்கு ஒன்று. விரிசலை ‘வி’ வடிவில் அகழ்ந்து, காயவிட்டு, ஈயத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, கெட்டியாக்காத ஜி/ஃப்ளெக்ஸை முதலில் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். காற்றுப் பட்டதும் ஆக்சைடு படலம் பிடிக்கும் உலோகம் ஈயம். இப்படிச் செய்தால் படலம் பிடிக்க நேரமிருக்காது. பிறகு கெட்டியாக்கியதை நிரப்பலாம். நுண்குமிழிப் பட்டி இரு பக்கமும், மெல்லிதாக. ஈயத் தூசு நஞ்சு என்பதால் சுவாசக் கவசம் இல்லாமல் தொடவே கூடாது.

மூட்டின்மேல் கண்ணாடித்துணி ஒட்டிக் கட்டுவோரும் உண்டு. போல்ட் இறுக்கமாக இருந்தால் பல பருவம் தாங்கும். தளர்ந்திருந்தால் துணியும் கிழியும், அதுவரை உள்ளே நடப்பதை மறைத்தும் வைக்கும். அந்த மறைப்புதான் எனக்கு ஒவ்வாதது.

எந்த டப்பாவைத் திறக்கும் முன்னும், படகின் எடை கீல்மேல் நிற்கும்போதே கீல் போல்ட் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். மூட்டிலிருந்து துருநீர் வழிந்தால் பட்டி வேலையை நிறுத்துங்கள். போல்ட்டின் துருப்பிடிக்காத எஃகும் காற்றில்லாத ஈரத்தில் உள்ளுக்குள் அரிக்கும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் கீலை இழந்த சீகி ரஃபீகி படகில் நால்வர் மாண்டார்கள். அது வேறு வடிவமைப்பு, வேறு காரணங்கள், ஆனால் கீல் பிரிந்தால் என்ன ஆகும் என்பது எல்லாப் படகுக்கும் ஒன்றுதான்.

அடுத்த முறை கரையேற்றும்போது பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் கவலை வேண்டாம், தேய்த்துப் பூசுங்கள். நகம் உள்ளே போனால் பட்டியைத் தேடாதீர்கள், ரெஞ்சை எடுங்கள்.